தொட்டால் சாகும் பொம்மைகள்

இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகிக் கிடந்தது. முதுகலை படித்தபோது, உடலுக்கு வெளியே குடுவையில் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் நடந்தது இது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். யாரிடமும் சொல்லிவைக்காமல் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து நுண்ணோக்கியில் பார்த்தால், குடுவையின் அடியில் பரவி ஒட்டியிருந்த எலிச் செல்கள் உருண்டு, கழன்று, மிதந்துகொண்டிருந்தன. ப்ளீச் ஊற்றித் தொட்டியில் கொட்டினேன். பதிவேட்டில் 'அப்புறப்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். 'இறந்தன' என்று எழுதும் வழக்கம் அங்கே இல்லை.

உயிருள்ள செல்களைக் கொண்டு கலைப்படைப்பா, வக்கிரம் என்று நண்பர்கள் சிலர் எழுதியதைப் படித்தபோது அந்தக் குடுவைதான் நினைவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட படைப்புகளைச் செய்த கலைஞர்கள் ஓரோன் கேட்ஸ், அயோனாத் ஸுர் இருவரும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேலை செய்தவர்கள். அங்குள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் 2000இல் தொடங்கிய சிம்பயாட்டிகா ஆய்வகம், கலைஞர்களையே வெள்ளை அங்கி போட்டுச் செல் வளர்க்க வைத்தது. குவாத்தமாலாவில் குழந்தைகள் இரவில் தங்கள் கவலைகளைச் சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் குட்டிப் பொம்மைகள் உண்டு. அதே வடிவில், கரையக்கூடிய பாலிமரையும் அறுவைசிகிச்சை நூலையும் கொண்டு பொம்மைகள் செய்து, அவற்றின் மேல் செல்களை வளர்த்தார்கள். 2000இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அவை உயிரோடு காட்சிக்கு வந்தன. பார்வையாளர்கள் முன்னிலையிலேயே அவற்றுக்கு ஊட்டத் திரவம் மாற்றுவார்கள். கண்காட்சி முடியும்போது இப்படிப்பட்ட படைப்புகளை வெளியே எடுத்து, 'தொட்டுப் பாருங்கள்' என்று கூட்டத்திடம் நீட்டுவார்கள். நம் விரலில் இருக்கும் கிருமிகள் போதும், அந்தச் செல்கள் செத்துவிடும்.

இதை வக்கிரம் என்று என்னால் சொல்ல முடியாது. நான் தொட்டியில் கொட்டி மறைத்ததை இவர்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் செய்கிறார்கள்.

எலிச் செல்களால் ஒரு குட்டி மேலங்கியும் வளர்த்தார்கள். 'பலியில்லாத் தோல்' என்று பெயர். 2008இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது அளவுக்கு மீறி வளர்ந்து, கை ஒன்று கழன்று விழும் நிலைக்கு வந்துவிட்டது. கண்காட்சிப் பொறுப்பாளர் பவுலா அன்டொனெல்லி ஊட்டத்தை நிறுத்தினார். அந்த முடிவு தன்னை உறுத்தியதாக அவரே சொன்னார். தோலுக்காக எந்த மாட்டையும் கொல்லவில்லை, உண்மைதான். ஆனால் இப்படிச் செல் வளர்க்கப் பெரும்பாலும் தேவைப்படுவது, வெட்டப்பட்ட சினைமாட்டின் வயிற்றுக் கன்றிடம் எடுத்த ரத்தச் சீரம். பெயரில் மட்டுமே பலி இல்லை என்பதை அந்தக் கலைஞர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். நான் ஒன்றரை ஆண்டு அந்தச் சீரத்தைக் கையாண்டேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லா உயிர்க்கலையையும் நான் ஆதரிக்கவில்லை. எடுவார்டோ காட்ஸ் என்ற வேறொரு கலைஞர் 2000இல் அறிவித்த ஆல்பா என்ற முயலை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெல்லிமீனின் மரபணு ஏற்றப்பட்டு, நீல ஒளியில் பச்சையாக மின்னும் முயல். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கப் போவதாகச் சொன்னார். அதை உருவாக்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கொடுக்கவில்லை. உலகம் முழுக்க அதன் படம் போனது. முயல் ஆய்வகத்திலேயே இருந்தது. செல்லுக்கு வலி தெரியாது, முயலுக்குத் தெரியும். அதற்குத் தீனி வைத்தது யார், கூண்டைக் கழுவியது யார் என்று அந்தப் படத்தில் எங்கும் இல்லை.