நந்தினிக்கு யாரும் பாவம் பார்க்க வேண்டாம்

கல்கியின் நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது 2023 ஏப்ரல் 28. அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. டிவியில் ஒரு தடவை போட்டால் போதும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். சண்டை நந்தினியைப் பற்றி: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இளமையில் காதலித்த பெண், பிறகு கிழவர் பெரிய பழுவேட்டரையரின் இளையராணி. நாவலைப் படித்த சித்தப்பா வகையறா ஒரு பக்கம்: நந்தினி விஷப்பாம்பு, அவளைப் போய் மணிரத்னம் கண்ணைக் கசக்குகிற காதலியாக்கிவிட்டார். படம் மட்டும் பார்த்த பிள்ளைகள் இன்னொரு பக்கம்: ஐயோ பாவம், அவள் கெஞ்சக் கெஞ்ச, அவள் கண் முன்னாலேயே பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கரிகாலன் வெட்டினால் அவள் வேறு என்னதான் செய்வாள்? இரண்டு கட்சியிலும் என்னால் சேர முடியவில்லை. குழுவில் நாலு வரியில் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சித்தப்பா கட்சிக்கு. நாவலில் நந்தினியை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் கதை தொடங்குகிறது. பழுவேட்டரையர் பரிவாரத்தோடு ஒரு மூடுபல்லக்கு போகிறது. உள்ளே இருப்பது இளையராணி என்று கரிகாலனின் தூதனாக வருகிற வந்தியத்தேவன் நினைக்கிறான், நந்தினியோடு வளர்ந்த ஆழ்வார்க்கடியான் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடைசியில் கடம்பூர் மாளிகையில் நடுச்சாமத்தில் அந்தப் பல்லக்கிலிருந்து இறங்குவது சோழ இளவரசன் மதுராந்தகன்! அதாவது நந்தினி இல்லாத ஒரு பல்லக்கைப் பார்த்தே நாம் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். கிழவரை மயக்கியவள், ஆபத்தானவள், எல்லாம் அதற்குள் காதில் விழுந்தாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்ப்பது ரொம்பப் பின்னால், தஞ்சைக்குப் போகிற வழியில். வந்தியத்தேவன் குதிரையைப் பல்லக்கின் மேல் விட்டுவிட்டு, பல்லக்குதான் வந்து இடித்தது என்று சத்தம் போடுகிறானே, அப்போதுதான் திரை விலகுகிறது.

அதற்குப் பிறகும் அவளுடைய பழைய கதையில் பெரும்பகுதி மற்றவர்கள் வாயிலாகத்தான் நமக்கு வருகிறது. ஒரு துண்டு ஆழ்வார்க்கடியான் சொல்வது. இன்னொரு துண்டு கரிகாலனின் தங்கை குந்தவையின் நினைவிலிருந்து வருவது, சிறுவயதிலேயே அந்த இரண்டு பெண்களுக்கும் ஆகாது என்பதை மறந்துவிடக் கூடாது. வீரபாண்டியன் கொலையையோ, மாமல்லபுரத்தில் உட்கார்ந்து ஆதித்த கரிகாலனே சொல்கிறான். வெட்டியவன் வாக்குமூலம் அது. அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை, தூக்கம் கெட்டுத் துடிக்கிறவன்தான். ஆனாலும் வீரபாண்டியன் கிடந்த அந்தக் குடிசைக்குள் நடந்ததை நாம் அவன் கண்ணால்தான் பார்த்தோம். எழுபது வருடமாக அதையே பிடித்துக்கொண்டு 'எங்களுக்குத் தெரியும் நந்தினி யார் என்று' என்கிறோம்.

படம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இரண்டாம் பாகத் தொடக்கத்தில் சின்ன வயது நந்தினியாக சாரா அர்ஜுன் வருகிற பகுதியைச் சொல்கிறேன். கூடவே உட்கார்ந்து விளக்கம் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நாமே பார்க்கிறோம். இதைத்தான் 'கதையை மாற்றிவிட்டார்கள்' என்று குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இத்தனை நாள் நடுவில் நின்றுகொண்டிருந்த ஆட்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

சரி, இப்போது பிள்ளைகள் கட்சிக்கு.

பாவம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. நாவலின் நந்தினி வெறுமனே காதலில் அடிபட்டவள் இல்லை. தன் முகம் யாரையோ ஞாபகப்படுத்துகிறது என்று தெரிந்ததும் அந்த முகத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு, நோயில் கிடக்கிற மன்னர் சுந்தர சோழர் (கரிகாலனின் அப்பா) முன்னால், இறந்துவிட்டாள் என்று அவர் நம்புகிற பழைய காதலியின் ஆவி மாதிரி ராத்திரியில் போய் நிற்கிறாள். எவ்வளவு குரூரம்! அதற்கு எவ்வளவு தெளிவும் துணிச்சலும் வேண்டும்! யாரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பழுவேட்டரையரின் பனை இலச்சினை மோதிரத்தை வந்தியத்தேவனிடம் கொடுப்பதில் கூட ஒரு கணக்கு இருக்கிறது. அரசியல் தெரிந்தவள். ஆசையும் உள்ளவள். படத்தில் ஐஸ்வர்யா ராய் கண்ணிலேயே பாதியைக் கொண்டுவந்துவிட்டார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் திரைக்கதை அத்தனையையும் ஒரே காதலின் கணக்கில் எழுதிவிட்டது. அந்தக் கோபம் காதலனை மட்டும் பார்த்து வந்தது இல்லை. ஒரு அரண்மனையையே பார்த்து வந்த கோபம் அது.

இதை நிரூபிக்க எனக்குக் கிடைக்கிற பெரிய ஆதாரம், படத்தில் எடுத்துவிட்ட ஒரு கிளைக்கதை. (நாவலைப் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) படத்தில் மதுராந்தகன் கண்டராதித்தரின் ராணி செம்பியன் மாதேவியின் சொந்த மகன், கடைசியில் அவனுக்கே கரிகாலனின் தம்பி அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்) முடி சூட்டுகிறான். நாவலில் அப்படி இல்லை. உண்மையான மகன் பூமாலை கட்டுகிற சேந்தன் அமுதன். இளவரசனாக வளர்ந்தவன், சுந்தர சோழரின் அந்தப் பழைய காதலி, ஊமையான மந்தாகினி பெற்ற பிள்ளை, நந்தினியோடு கூடப் பிறந்தவன். இரட்டையர்! ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் பையன் சிவஞான கண்டராதித்தரின் மகன் என்று அரண்மனையில் வளர்கிறான், சிம்மாசனத்துக்கே உரிமை கேட்கிறான். பெண் குழந்தை வெளியே போகிறது. யாருடைய வீட்டிலோ வளர்ப்பு மகளாக வளர்ந்து, பழையாறைக்கு வந்தால் 'நீ எங்கே, இளவரசர் எங்கே' என்று விரட்டப்படுகிறது. மூன்று மணி நேரத்தில் ஆள்மாறாட்டக் கதை வேறு சொல்ல முடியாது என்று விட்டிருப்பார்கள், நேரப் பிரச்சினை எனக்கும் புரிகிறது. ஆனால் அதோடு போனது சேந்தன் அமுதன் மட்டும் இல்லை. நந்தினிக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு இருந்த ஒரே அளவுகோலும் போய்விட்டது.

அப்புறம் 'உண்மையான நந்தினி வரலாற்றில் எப்படி' என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அப்படி ஒருத்தி கிடையாது, கல்கியின் கற்பனை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் இருக்கிற பெயர்கள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அதிகாரிகளாக இருந்தவர்கள், ஆண்கள். அவர்களும் அவர்களுடைய உறவினரும் சொத்தை இழந்ததைத்தான் அந்தக் கல்வெட்டு பேசுகிறது. வீராணத்துக்குப் பக்கத்திலேயே, அந்த மூடுபல்லக்கு போன அதே வட்டாரத்தில் இருக்கிறது அந்தக் கல். கல்கியோ யார் கொன்றது என்று கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் கரிகாலன் பேச்சு எடுத்தாலே முதலில் வருகிற பெயர் நந்தினி. ரவிதாசனைப் பற்றி எந்தக் குழுவில் சண்டை நடக்கிறது, சொல்லுங்கள்.

எங்கள் பெரியம்மாவிடம் பத்திரிகையில் மறுபடி தொடராக வந்தபோது கிழித்துக் கிழித்துத் தைத்துவைத்த பைண்டு வால்யூம் இருக்கிறது. நான் முதலில் படித்ததே அதில்தான். இத்தனை சண்டையிலும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போனபோது நானே கேட்டேன். "அந்த ஊமைராணிதான் உன் அம்மான்னு அவகிட்ட போய் முதல்ல யாருடா சொன்னா?" என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மறுபடி புரட்டினேன். இலங்கையில் மந்தாகினியைப் பார்த்த வந்தியத்தேவனுக்கு அந்த முக ஒற்றுமை புரிகிறது. குந்தவைக்குத் தெரிகிறது. நந்தினி நமக்குச் சகோதரி முறை ஆகலாம் என்று குந்தவை பதறிப்போய்ச் செய்தி அனுப்புகிறாள், அது போவது கரிகாலனுக்கு. தம்பி தங்கைகளும் நண்பர்களும் ஓடி ஓடிக் காப்பாற்றப் பார்ப்பது அவனைத்தான். அந்த ஓட்டத்தில் ஒரு குதிரையாவது நந்தினியைத் தேடி முதலில் போயிருந்தால் என்று நினைத்துக்கொண்டே ராத்திரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.