பாக்கி அவளுடையது இல்லை

ஸ்காலர்ஷிப் பணம் வராததால் ஃபீஸ் கட்ட முடியாமல் ஹால் டிக்கெட் கேட்கும் ஒரு மாணவியைக் கல்லூரிக்காரர் ஒருவர் திட்டும் அந்த ஆடியோவை இரண்டு நாளில் பத்துப் பேராவது எனக்கு அனுப்பிவிட்டீர்கள். முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நேற்று ராத்திரிதான் முழுசாகக் கேட்டேன். எந்தக் கல்லூரி, அந்தப் பெண் யார் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் போட வேண்டாம். அவளுக்கு அங்கே இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கியிருக்கிறது. ஆனால், "ஓசியில படிக்கிறவளுக்கு இவ்ளோ பேச்சா?" என்று அந்த ஆள் கேட்கிறாரே, அதைக் கேட்ட பிறகு இன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அப்படி என்ன பேசிவிட்டாள்? "சார், ஸ்காலர்ஷிப் பணம் இன்னும் ஏறல சார். ஏறின அன்னிக்கே கட்டிடறேன் சார். ஹால் டிக்கெட் மட்டும் குடுங்க சார்." இவ்வளவுதான். நான்கு முறை சார் போட்டிருக்கிறாள். இதுதான் அவருக்கு அதிகப் பேச்சாகத் தெரிந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தப் பாக்கி அவளுடையது இல்லை. அரசாங்கம் தர வேண்டிய பணம் அது. அது தாமதமானதற்குப் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் எப்படிப் பொறுப்பாவாள்?

இந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்றே தெரியாமல் நிறையப் பேர் பேசுகிறார்கள், அதனால் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கான இந்த போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் நேற்று முளைத்த இலவசத் திட்டம் இல்லை. 1944-இல், சுதந்திரத்துக்கு முன்பே, பட்டியல் சாதி மாணவர்களுக்காகத் தொடங்கியது. அம்பேத்கர் அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் இருந்தார். அவரே பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில்தான் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரையும் ஓசியில் படித்தவர் என்பீர்களா?

இப்போது நடப்பது இது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி சரிபார்த்து அனுப்ப, ஆதிதிராவிடர் நலத்துறை பார்த்து ஒப்புதல் கொடுக்கும். 2020-21 முதல் செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் மத்திய அரசின் பங்கு வரும். அதுவும் இப்போது மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வந்த ஏழு நாளுக்குள் அவர் கல்லூரியில் கட்டிவிட வேண்டும்.

இதில் எந்த இடத்தில் நின்றாலும் பணம் நின்றுவிடும். கல்லூரிப் பதிவில் இனிஷியல் முன்னால் இருந்து, ஆதாரில் பின்னால் இருந்தால் சிக்கல். இரண்டு வங்கியில் கணக்கு இருந்து, ஆதார் எதில் கடைசியாக இணைந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் சிக்கல். இது எதுவுமே இல்லாமல், மேலே நிதி விடுவிக்கத் தாமதமானாலும் பணம் வராது. அப்போது அந்தப் பெண் என்ன செய்ய முடியும்? ஆபீஸ் ரூம் ஜன்னலில் நின்று சார் சார் என்று கெஞ்சத்தான் முடியும். முன்பெல்லாம் கட்டணம் கல்லூரிக் கணக்குக்குப் போனது; கல்லூரி துறையைக் கேட்கும். இப்போது பணம் அவள் கணக்கு வழியாக வருவதாலேயே அது அவள் கடன் என்று ஆக்கிவிட்டார்கள். இல்லை. கணக்கு அவளுடையது. பாக்கி அவளுடையது இல்லை.

கட்டணம் தவிர, ஒவ்வொரு படிப்புக்கும் ஆண்டுக்கு ஒரு படிப்புப் படியும் உண்டு. விடுதியில் தங்காத இன்ஜினியரிங் மாணவருக்கு அது 7,000 ரூபாய். 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு இருபது ரூபாய்கூட வராது. இதை வாங்கிக்கொண்டு பைக் வாங்குகிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள் என்று அந்த ஆடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்.

நானும் இப்படி நின்றவள்தான். இதுவரை இங்கே எழுதியதில்லை. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா நடவு, களை, நூறு நாள் வேலை. 2013-இல் நான் பிளஸ் டூ முடித்தபோது ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து வேன் போட்டுக்கொண்டு எங்கள் காலனிக்கே வந்தார்கள். "எஸ்சி பசங்களுக்கு கவர்மெண்ட்டே கட்டுது, ஒரு பைசா வேண்டாம், சர்டிபிகேட்டை மட்டும் கொடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. முந்தைய வருடம்தான், 2012 செப்டம்பரில், அரசாணை 92 வந்திருந்தது. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் எங்களைப் போன்றவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அதில் இருந்தது. அப்பா அந்த வேன்காரருக்குக் கடையிலிருந்து கலர் வாங்கி வந்து கொடுத்தார். என் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி எல்லாம் அன்றைக்கே வேனில் போய்விட்டன.

மூன்றாம் வருடம், ஐந்தாவது செமஸ்டர். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து ஒருவர் பேப்பரோடு வந்தார். "எஸ்சி ஸ்காலர்ஷிப் எல்லாம் எழுந்து நில்லு" என்றார். பெயரைச் சொல்லிக்கூட இல்லை. ஏழு பேர் எழுந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதுவரை தெரியாது. நான் எழுந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு டப்பாவை என்னோடு சேர்த்துத் திறக்கவில்லை. பணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். கல்யாணத்துக்குப் போட்ட தோடு. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று காதில் வேப்பங்குச்சி சொருகிக்கொண்டாள். ஸ்காலர்ஷிப் பணம் அடுத்த வருடம் வந்தது. நாங்கள் கட்டியதைத் திருப்பிக் கேட்டபோது, கடைசி வருட ஃபீஸில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். கழித்ததற்கு இன்றுவரை ரசீது கிடையாது. தோடு வட்டியில் மூழ்கிப் போயிற்று. வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸில் புதுத் தோடு வாங்கிக் கொடுத்தேன். பழையது மாதிரி இல்லை என்று அம்மா அதை அதிகம் போடுவதில்லை.

சரி, ஆடியோவுக்கு வருகிறேன்.

"கல்லூரி சம்பளம் கொடுக்க வேண்டாமா, கரண்ட் பில் கட்ட வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இதை நான் தள்ளிவிடவில்லை. கிராமத்துப் பிள்ளைகளை வைத்தே ஓடும் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. ஸ்காலர்ஷிப் பணம் தாமதமானால் அங்கே லெக்சரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோகும். அப்படிச் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்த ஒரு மேடம்தான் எனக்குப் ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டினார். அந்த வலி எனக்குத் தெரியும். அதற்குத்தான் கல்லூரிக்காரர்களுக்குச் சொல்கிறேன், கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். உங்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கோட்டை வரைக்கும் போக கார் இருக்கிறது. அவளுக்கு பஸ் பாஸ்தான் இருக்கிறது. சேர்க்கும்போது ஸ்காலர்ஷிப்பைச் சொல்லித்தானே கூப்பிட்டீர்கள்? அந்த சீட்டு காலியாகக் கிடக்காமல் நிரம்பியதே அவளால்தானே? கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொள்வதற்காக ஃப்ரீஷிப் கார்டு என்ற ஒன்றே மத்திய அரசின் நெறிமுறையில் இருக்கிறது. எத்தனை கல்லூரி நோட்டீஸ் போர்டில் அதைப் பற்றி ஒரு வரி ஒட்டியிருக்கிறார்கள்?

பொய் வருமானச் சான்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்களே என்றால், பிடியுங்கள். நானே கூட வருகிறேன். அதற்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், "என் வரிப்பணம்." நானும் இன்று வருமான வரி கட்டுகிறேன், சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு ரூபாயாவது அந்தப் பெண்ணுக்குப் போகிறதென்றால் எனக்கு நிம்மதி. என் அம்மாவும் சோப்பிலிருந்து செருப்புவரை எல்லாவற்றுக்கும் வரி கட்டித்தான் வாழ்ந்தாள். அதை யாரும் வரிப்பணம் என்று சொன்னதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். ஐஐடியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி அவர் கட்டும் ஃபீஸில் வருவதில்லை, அரசு கொடுக்கிறது. அரசுக் கலைக் கல்லூரியில் படித்த நம் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். 2010-இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகைக்குச் சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. எத்தனையோ வீடுகளில் அந்தச் சான்றிதழால் இன்ஜினியர் ஆனார்கள். அரசுப் பள்ளிப் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். எல்லாம் நல்ல திட்டங்கள், மனசார வரவேற்கிறேன். இவை எல்லாம் உதவி. எங்களுடையது மட்டும் எப்படி ஓசி ஆயிற்று?

"சாதி பார்க்காமல் ஏழ்மை பார்த்துக் கொடுக்கலாமே" என்பவர்களே, 2.5 லட்சம் என்றால் மாதம் இருபதாயிரத்துச் சொச்சம். அப்பாவும் அம்மாவும் இருவருமே கூலிக்குப் போனால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். ஏழ்மையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 2019-இல் பொதுப் பிரிவில் நலிந்தவர்களுக்கு மத்திய அரசு இடஒதுக்கீடு கொண்டுவந்தபோது வரம்பு 8 லட்சம். அங்கே 8 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்குகிறவரும் ஏழை. இங்கே 2.5 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் அதிகம் இருந்தால் ஸ்காலர்ஷிப் இல்லை. இதற்கு யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக, நேற்று என் பக்கத்தில் "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான், டேட்டுக்குள்ள கட்டணும்" என்று கமெண்ட் போட்ட நண்பருக்கு. பெயர் சொல்ல மாட்டேன். நீ என் வகுப்பில் படித்தவன். அன்று நாங்கள் ஏழு பேர் எழுந்து நின்றபோது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உன் அப்பாவும் அந்த வருடம் ஃபீஸை இரண்டு தவணையாக, தேதி தாண்டித்தான் கட்டினார். நீயே கேன்டீனில் சொன்னாய். உன்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. அந்த ரூல்ஸ் அன்றைக்கு எங்கே போயிற்று? பத்து வருஷமாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறாய், நானும் அனுப்புகிறேன். அந்த கமெண்டைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை அன்பிரெண்ட் செய்யவில்லை. நீ இதைப் படிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இது போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். தங்கச்சி, இனிமேல் ஜன்னலில் நின்று வாயால் கேட்காதே. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடு, விண்ணப்ப எண்ணையும் சேர்த்து எழுது, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது, அதையும் கேள். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள். அம்மாவிடம் எதையும் அடகு வைக்கச் சொல்லாதே.

வரும் திங்கட்கிழமை உங்கள் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். ஆதிதிராவிடர் நலத்துறை அதிகாரியும் அங்கே இருப்பார். நான் லீவு போட்டுவிட்டேன். காலை ஒன்பதரைக்கு வாசலில் இருப்பேன், உன் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வா.