பழைய செவர்லே பிக்கப்: ‘ஈசிஎம் மாற்றினால் போதும்’ என்ற பகிர்வு தவறு

“1988–1992 செவர்லே பிக்கப்பில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது. பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிச் சொருகினால் ஓடும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு வாக்கியமும் தவறு.

அந்த விளக்கு பெரும்பாலும் சென்சார் அல்லது வயரிங் கோளாறையே சொல்கிறது. டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள, கோளாறு எண்களைப் பார்க்க உதவும் ஏஎல்டிஎல் சாக்கெட்டில் ஏ, பி முனைகளை இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். விளக்கு முதலில் 12 என (ஒரு மின்னல், சிறு இடைவெளி, இரண்டு மின்னல்) மூன்று முறை மின்னும், பிறகு கோளாறு எண்கள் வரும். 55 ஈசிஎம்மைக் குறிக்கும். 51 அதன் உள்ளே இருக்கும் ப்ராம் என்ற நினைவகச் சிப்பைக் குறிக்கும். 12 கூட வரவில்லையா? ஃபியூஸையும், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் போல்ட் செய்த எர்த் வயர்களையும் முதலில் பாருங்கள். துரு பிடித்த எர்த்தால் எத்தனையோ நல்ல ஈசிஎம்கள் குப்பைக்குப் போகின்றன!

உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால் லேபிளில் உள்ள பாக எண் (உதாரணமாக 1227747) ஒத்திருக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் விகிதத்துக்கான கணக்கு ப்ராமில்தான் இருக்கிறது. 4.3 லிட்டர் வண்டியின் சிப்போடு 5.7 லிட்டர் எஞ்சின் சரியாக ஓடாது. ஆகவே உங்கள் பழைய சிப்பையே புதிய பெட்டிக்கு மாற்றுங்கள். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியபின் செய்யுங்கள். சிப்பைத் திருப்பிப் போட்டு சாவியை ஆன் செய்தால் அது எரிந்துவிடும்.

வண்டியில் முதலில் பொருத்தப்பட்ட பாகங்களின் விவரங்கள் க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கரிலும், கோளாறு எண்கள் அந்த ஆண்டுக்கான சர்வீஸ் மேனுவலிலும் உள்ளன. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.