ஜாக் ஸ்டாண்டுக்கும் சேர்த்துச் சொல்லாதீர்கள்

அமெரிக்கக் கருவிக் கடையான ஹார்பர் ஃப்ரெய்ட்டைப் பற்றி, "ஹார்பர் ஃப்ரெய்ட் டூல் எல்லாவற்றுக்கும் வாழ்நாள் வாரண்டி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. அந்த வாரண்டி ஸ்பேனர், சாக்கெட் மாதிரியான கைக்கருவிகளுக்குத்தான். அவற்றைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் உள்பக்கம் 12 முனை உள்ள சாக்கெட்டை விட்டு 6 முனை உள்ளதை எடுங்கள்; 12 முனை போல்ட் தலையில் எளிதில் வழுக்கிவிடும். துருப்பிடித்த போல்ட்டின் தலை மழுங்கிவிட்டால் வாரண்டியில் புது சாக்கெட் கொடுத்தும் பயனில்லை.

ஜாக்கியால் தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் விஷயமே வேறு. 2020இல் அந்த நிறுவனமே தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. ஸ்டாண்டின் உயரத்தைப் பிடித்து வைக்கும் பல்லில் கொக்கி சரியாக மாட்டாமல் வண்டி திடீரென இறங்கிவிடலாம் என்பதுதான் காரணம். மாற்றாகக் கொடுத்த ஒரு மாடலிலும் வெல்டிங் கோளாறு. பழைய ஸ்டாண்ட் வாங்கினால் மாடல் எண்ணைப் பாருங்கள். அப்புறம், ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.