எல்லா சாமியும் ஒண்ணுதான், போய்த் தட்டைக் கழுவுங்க!

மத நல்லிணக்கம் என்றால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையை உதாரணம் காட்டுவது எல்லாருக்கும் பிடிக்கும். ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு நடந்தால் மறுநாள் பேப்பரில் வருடாவருடம் அதே செய்தி: இந்துக்களும் திரளாகக் கலந்துகொண்டனர். பொய்யில்லை, கலந்துகொள்கிறோம், நேர்ந்தும் கொள்கிறோம். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் மதம் பற்றி எதையும் உருப்படியாகச் சொல்லித்தராமல் காலம் தள்ளுகிறோம். சமூக அறிவியல் நடத்துகிறவள் என்கிற முறையில் எனக்கு இதில் கோபம் உண்டு.

போன வருடம் சாப்பாட்டு இடைவேளையில் காதில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள்.

"நீங்க மூணு சாமி கும்பிடுறீகளாமே?"

"மூணு இல்லடா, ஒண்ணுதான்."

"அப்பறம் ஏன் அப்பா, மகன்டு சொல்றீக?"

"நீங்க மட்டும் தர்காவுல போயிக் கும்பிடலையாக்கும்?"

"நாங்க போக மாட்டோம். அது கூடாதும்பாக எங்க அத்தா."

"எங்க அம்மா போகும்டா!" இது மூன்றாவது பையன். வீட்டில் முருகன் படம் மாட்டியிருப்பவன்.

அந்தப் பக்கமாக வந்த ஆசிரியர் ஒருவர் "எல்லா சாமியும் ஒண்ணுதான்டா, போய்த் தட்டைக் கழுவுங்க" என்று கலைத்துவிட்டார். அப்பா, மகன், தூய ஆவி மூன்றும் ஒரே கடவுள் என்கிற கிறிஸ்தவர்களின் திரித்துவம், தர்கா வழிபாடு குறித்து முஸ்லிம்களுக்குள்ளேயே இருக்கிற கருத்து வேறுபாடு, தன் மதத்தில் இல்லாத இடத்தில் போய் நேர்ந்துகொள்ளும் வழக்கம். கை காயும் முன்னால் மூன்று பெரிய விஷயங்களைத் தொட்டுவிட்டார்கள் அந்தப் பிள்ளைகள். 'எல்லாம் ஒண்ணு' என்ற பதில் மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. அது வாயை மூடச் சொல்லும் நாகரிகமான வழி.

"அரசுப் பள்ளியில் மதம் பேசச் சட்டத்தில் இடமில்லையே" என்று உடனே ஒருவர் கேட்பார். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது. உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. ரொம்பச் சரி. ஆனால் ஒரு மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று 1964-66இல் அமைந்த கோத்தாரி கல்விக்குழுவே பிரித்துச் சொல்லியிருக்கிறது. 2002இல், பள்ளிப் பாடத்திட்டத்தை எதிர்த்து நடந்த அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. நம்மைத் தடுப்பது சட்டம் இல்லை, பயம்.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் இலங்கையில் மதம் ஒரு பாடம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று தனித்தனிப் புத்தகம். அவரவர் பிள்ளை அவரவர் மதத்தைப் படிக்கும். தன் மதத்தில் ஒரு பிள்ளை ஊன்றிக்கொள்ள அது உதவலாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் என்ன நம்புகிறான் என்பது அந்தப் பீரியடில் வராது. நமக்கு அது தோதுப்படாது.

இங்கிலாந்து வேறு மாதிரி. 1944இல் பள்ளிகளில் மதப் பாடத்தைச் சட்டமாகக் கட்டாயப்படுத்தியபோது அது கிறிஸ்தவ போதனைதான். 1988 சட்டம் மற்ற முக்கிய மதங்களையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது. 2018இல் ஒரு குழு, பாடத்தின் பெயரையே 'மதமும் உலகப் பார்வைகளும்' என்று மாற்றச் சொன்னது. கடவுள் இல்லை என்பவரும் ஏதோ ஒரு பார்வையோடுதானே வாழ்கிறார், அதையும் படிக்கட்டும் என்ற நோக்கம். வேல்ஸில் 2022 முதல், பெயர் வேறாக இருந்தாலும், மதம் சாராத பார்வைகளும் பாடத்தில் சேரத் தொடங்கிவிட்டன. எனக்குப் பிடித்தது இதுதான். கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுப் பிள்ளையும் நம் வகுப்பில் இருக்கிறது. அது எந்த வரிசையில் நிற்கும்?

இதையெல்லாம் அந்நியச் சரக்கு என்று யாரும் தள்ள வேண்டாம். மணிமேகலையில் விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகளை "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்று அழைத்துவிட்டு, பகைவர் ஆனாலும் "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறான். வாதம் பண்ணு, வம்பு பண்ணாதே. நம் பிள்ளைகள் தமிழ்ப் பீரியடில் இதைப் படிக்கத்தான் செய்கிறார்கள், சொற்பொருள் எழுதுவதோடு சரி.

அதற்காக ஆறு மதம், ஆறு நிறுவனர், ஆறு நூல், பொருத்துக என்று ஒரு பாடம் போட்டுவிடாதீர்கள். அதைவிடப் பேசாமல் இருப்பது மேல். என்னிடம் விட்டால், எங்கள் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியில் நான் ஆரம்பிப்பேன். ராமேஸ்வரம் கோயிலைக் காத்து நின்ற சேதுபதி வம்சம். அவருக்கு மிக நெருக்கமானவர் கீழக்கரை முஸ்லிம் வள்ளல் சீதக்காதி மரைக்காயர். நபிகள் நாயகத்தின் வரலாறான சீறாப்புராணத்தை உமறுப்புலவர் பாட ஆதரவு தந்தவர். அதே சேதுபதி காலத்தில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. போர்ச்சுக்கலிலிருந்து வந்த சேசு சபைக் குரு. தடியத்தேவர் என்ற தலைவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியதாகிறது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். புகார் அரண்மனைக்குப் போகிறது.

ஒரே ராஜா. கோயில் இருக்கிறது, மரைக்காயர் நட்பு இருக்கிறது, கொலையும் இருக்கிறது. அருளானந்தர் 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூர்ச் செம்மண்ணைப் பக்தியோடு எடுத்துப்போகிறவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. சேதுபதி எங்க ராஜா என்று நெஞ்சு நிமிர்த்துகிறவனும் உண்டு. இரண்டு பேரையும் உட்கார வைத்து, "அந்த விலக்கப்பட்ட பொம்பளைக்கு என்ன நியாயம்?" என்று கேட்டால் பெண்பிள்ளைகள் பக்கத்திலிருந்து பதில் வரும். மதம் என்பது வேத நூலோடு நிற்காமல் கல்யாணம், சொத்து, அதிகாரம் எல்லாவற்றிலும் புகுந்து நிற்பது என்று அன்றைக்குப் புரியும். இதை ஏன் யாரும் பாடமாக எடுப்பதில்லை? சண்டை வருமாம். சண்டை வராத மாதிரி வகுப்பில் வைத்துப் பேசவில்லை என்றால், பிள்ளைகள் இதையே வாட்ஸ்அப்பில் அரைகுறையாகப் படித்துக்கொள்வார்கள்.

சாதியை விட்டுவிட்டும் இதை நடத்த முடியாது. தேர் வடத்தை யார் தொடலாம், கல்லறையில் யாருக்கு எங்கே இடம் என்பதும் மதப் பாடம்தான். எந்த மதத்துக்காரரும் இந்த இடத்தில் "எங்க வேதத்துல அப்படி இல்ல" என்பார். இருக்கட்டும், ஊரில் எப்படி இருக்கிறது?

தனிப் பீரியட் கேட்கவில்லை. நீதிபோதனைப் பீரியட் கணக்கு டீச்சர் கைக்குப் போன கதை நமக்குத் தெரியாததா! வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே வை, ஐந்து மார்க் கேள்வியாக வை. பௌத்தம், சமணம், பக்தி இயக்கம், சூஃபி எல்லாம் ஏற்கெனவே புத்தகத்தில் உண்டு. இறந்த காலத்தில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் நம்புகிறவன் ஒருத்தன் அந்தப் பக்கத்தில் வருவதில்லை.

ஆசிரியர் நடுநிலையாக இருப்பாரா என்கிறீர்கள். திருநீறு பூசிக்கொண்டு வரட்டும், சிலுவை போட்டுக்கொண்டு வரட்டும், முக்காடு போட்டுக்கொண்டு வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. "அவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று ஆசிரியர் சொல்லும்போது, அந்த மதத்துப் பிள்ளை "ஆமா டீச்சர், அப்படித்தான்" என்று தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. அதில் தேறாதவர் இந்தப் பாடத்தைத் தொட வேண்டாம்.

பெற்றோர் கோபமாக வருவார்கள். வரட்டும். அவர் கையில் பாடநூலைக் கொடுத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசச் சொல்வேன்.