முதலாளிக்கு ஓட்டத் தெரியணும்

எங்கள் மாமா குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர். சொந்த போட். ஆனாலும் சுக்கானை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டார். தேங்காய்ப்பட்டணத்தில் போட் சும்மா கட்டிக்கிடக்கும் நாளிலும் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். சத்தம் கொஞ்சம் பிசகினாலும் அன்று மெக்கானிக் பாடு திண்டாட்டம்தான். "மக்களே, முதலாளிக்கு ஓட்டத் தெரியலேன்னா போட்டு அவன ஓட்டிப்போடும்" என்பார்.

ஜே.ஆர்.டி. டாட்டாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமா ஞாபகம்தான். 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் விமானி உரிமம் வாங்கியவர். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தை பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அது அவர் தொடங்கிய கம்பெனியின் முதல் பயணம். ஆள் வைத்து ஓட்டியிருக்கலாம், ஓட்டவில்லை. மூன்றே வருடத்தில் டாட்டா விமானம் திருவனந்தபுரத்திலும் இறங்கிவிட்டது. நாம் அப்போது திருவிதாங்கூர்தானே!

அந்தக் குடும்பம் கப்பலும் விட்டுப் பார்த்தது. 1890-களில் குழுமத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜி ஜப்பானியர்களோடு சேர்ந்து இறங்க, பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து மூட வைத்தது. பின்னால் தூத்துக்குடியில் வ.உ.சி.க்கு நடந்த அதே கதை.

ஜே.ஆர்.டி. 34 வயதில் குழுமத்தின் தலைவர். இரும்பு, ரசாயனம், ரயில் எஞ்சின், லாரி என்று தொழில் பெருகியது. எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. அவர் தொடங்கிய விமானக் கம்பெனிதான் பின்னால் ஏர் இந்தியா ஆகி அரசாங்கத்தின் கைக்குப் போனது. அதன் சேர்மனாக இருந்தபோதும் பயணியாக உட்கார்ந்து குறை எழுதுவாராம். டீயும் காபியும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்றுகூட எழுதியிருக்கிறார். எஞ்சின் சத்தம் கேட்கிற காது அது. அப்படிப்பட்டவரைத்தான் 1978-ல் அரசாங்கம் பதவியிலிருந்து தூக்கியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் கப்பலுக்குப் போகாத ஆள் இருக்கிற தெரு உண்டா? எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேர் முதலாளி? என் நண்பன் ஒருவன் கப்பலில் சீஃப் என்ஜினியர். போட் எஞ்சினுக்குப் பாகங்கள் செய்ய இங்கேயே பட்டறை போடுகிறேன் என்று கிளம்பினான். இடம்கூடப் பார்த்தாயிற்று. வீட்டில் ஒரே கேள்வி: "கப்பல்ல சம்பளம் வருதுல்லா, அப்புறம் எதுக்கு ஒர்க்‌ஷாப்பு?"

1982-ல், 78 வயதில், ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாக ஓட்டி வந்தார். மாமாவும் இன்னும் சுக்கானை விடவில்லை. நண்பன் அடுத்த மாதம் சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறான். லேத் வாங்க வைத்திருந்த பணத்தில் இப்போது மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது.