கடற்கரையில் மனை வாங்கினால் கடலும் கூடவே வராது

கடலூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். வீட்டிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்க வழி இருக்குமா? சின்னதாக ஒரு கயாக், அதாவது துடுப்புப் படகு, வாங்கினால் எங்கே இறக்கலாம்? புரோக்கர்கள் இரண்டுக்கும் "அதெல்லாம் தாராளமா சார்" என்று சொல்லி அட்வான்ஸை வாங்கிக்கொள்வார்கள். என் கணக்கில் முதல் கேள்விக்குப் பதில்: வழி உண்டு, ஆனால் அது ஊர் வழி. இரண்டாவதற்கு: படகைக் கழியில், அதாவது கடலோடு சேரும் உப்பங்கழியில், இறக்குங்கள், கடலில் வேண்டாம். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டு வருகிறவர்கள் இந்த ஊரில் நிம்மதியாக இருக்கலாம்.

முதலில் அந்த "பிரைவேட் பீச்" விளம்பரம். தாழங்குடாவிலிருந்து சாமியார்பேட்டை வரை எங்கே வாங்கினாலும் சரி, தண்ணீர் ஏறி இறங்குகிற மணல் யாருடைய பட்டாவிலும் வராது. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர் அலைக்கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது எல்லோரும் சொல்லும் சிஆர்இசட். 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதற்கும் அந்தப் பகுதியின் கடலோர மேலாண்மை வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். "இப்ப 50 மீட்டர்தான் சார்" என்று ஒருவர் சொன்னால், எந்த வரைபடம், எந்த சர்வே எண் என்று திருப்பிக் கேளுங்கள். மனையின் அளவு காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

கடலே தெரியாத மனையிலும் இதே சிக்கல் வரும். கெடிலம், உப்பனாறு, பெண்ணையாறு ஓரத்து மனைகளுக்கும் சிஆர்இசட் பொருந்தும். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆற்றுத் தண்ணீரில் உப்பு ஆயிரத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கிற இடம் வரை கடலின் ஆட்சிதான். ஐப்பசியில் போய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து "நல்ல தண்ணிதான்" என்று திருப்திப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை.

வாங்கியாகிவிட்டது. அடுத்து வருவது காம்பவுண்டு சுவர். இங்கேதான் ஊரோடு முதல் தகராறு. உங்கள் மனைக்கும் பக்கத்து மனைக்கும் நடுவில் ஒரு மணல் தடம் போகும். பட்டாவிலும் இருக்காது, பாதை என்று போர்டும் இருக்காது. வலை, ஐஸ் பெட்டி, இன்ஜின் எல்லாம் அதன் வழியாகத்தான் கரைக்குப் போகின்றன. ஃபைபர் படகின் இன்ஜினைக் கம்பில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், அந்தத் தடத்தின் நடுவில் ஒரு கேட் என்ன செய்யும் என்பது புரியும். சுவர் கட்டும் முன்பு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போய், "அண்ணே, எது வரைக்கும் விடணும்?" என்று கேட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் முடிகிற பேச்சு. கேட்காமல் கட்டினால் தாலுகா ஆபீஸ் வரை இழுக்கும், கடைசியில் நீங்கள்தான் இடிப்பீர்கள்.

அலைக்குப் பயந்து மணலில் கல் கொட்டுவது இன்னும் மோசம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதை வைத்தாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுக அலைதடுப்புகள் வந்த பிறகு நகரத்துக் கடற்கரை மணலை இழந்து கருங்கல் கரையாகிக் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அரசாங்கம் போட்ட கல்லுக்கே அந்தக் கதி. நீங்கள் லாரியில் இறக்குகிற நாலு லோடு, வடக்கே இருக்கிற குப்பத்தின் தரையைத் தின்னும்.

குளிக்கப் போகிறவர்களுக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்தால் கடல் குழந்தை மாதிரி தெரியும். அங்கே அடித்தளம் சீராகச் சரிவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டினால் கரைக்கு இணையாக ஒரு பள்ளம், அதைத் தாண்டி ஒரு மணல்திட்டு. திட்டின் மேல் நாலு பேர் முழங்கால் அளவில் நிற்பதைப் பார்த்து, நடுவில் பள்ளம் இருப்பது தெரியாமல் நடந்து போகிறவர் கழுத்தளவில் தடுமாறுகிறார். அலையோடு வந்து குவிந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியே பக்கவாட்டில் ஓடி, திட்டு உடைந்திருக்கும் இடத்தில் கடலை நோக்கிப் பாய்கிறது. இழுப்பு என்பது அதுதான். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் உயிர் போகிறது.

கண்ணால் கண்டுபிடிக்கலாம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கலங்கலாக, மேலே நுரை கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். "இங்கதான் அலையே இல்ல, வா" என்று பிள்ளைகளைக் கூப்பிடுகிற இடம் பெரும்பாலும் அதுவே. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கமாக நகர்ந்து, பிறகு அலையோடு வாருங்கள். கரையில் இருப்பவர் உடனே குதிக்கக் கூடாது. காலி தண்ணீர் கேன், கயிறு, டியூப், மிதக்கிற எதையாவது வீசுங்கள். கெடிலம் முகத்துவாரத்துப் பக்கம் குளிக்கவே வேண்டாம். மாசி மகத்தன்று போலீஸ் கயிறு கட்டுவதை ஏதோ கெடுபிடி என்று சலித்துக்கொள்கிறவர்கள் அந்தக் கயிறு எங்கே கட்டப்படுகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இனி படகு.

ஃபைபர் படகில் நாலு பேர் அலையைத் தாண்டிப் போவது பார்க்கச் சுலபமாக இருக்கும். பெரிய அலைகள் வரிசையாக வந்து முடிந்து, கடல் கொஞ்சம் அடங்கும் நேரத்தை அவர்கள் எண்ணிக் காத்திருக்கிறார்கள். உங்கள் 10 அடி கயாக் அலைக்குக் குறுக்கே கொஞ்சம் திரும்பினாலும் அலை அதைப் புரட்டி, திரும்ப வரும்போது உங்கள் மேலேயே தூக்கிப் போடும். அதைவிட மோசமான பொறி காற்று. ஆனி, ஆடிக் காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று என்பதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். நின்று துடுப்பு போடுகிற பலகையோடு ஒருவர் இறங்குவார், போகும்போது சுகமாக இருக்கும், திரும்பினால் உடம்பே காற்றைப் பிடிக்கும் பாய்மரமாகிவிடும். 300 மீட்டர் போனவர் அதில் திரும்புவது சந்தேகம்தான். உச்சிப்பொழுதுக்குப் பிறகு கடல்காற்று எழுந்து வேறு விதமாகப் பாடுபடுத்தும். ஐப்பசி முதல் மார்கழி வரை பேச்சே வேண்டாம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்தால், எண் 1-தானே என்று வியாக்கியானம் செய்யாமல் வீட்டிலிருங்கள்.

ஆகவே கழி. மாசியிலிருந்து சித்திரை வரை, காலை 6 முதல் 9 மணிக்குள். ஏத்தம், வத்தம், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும், தெரியாமல் கழியில் இறங்காதீர்கள். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் திசை மாறும், மறுநாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனால் அவ்வளவு தண்ணீரும் குறுகலான முகத்துவாரம் வழியேதான் வெளியேற வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வத்தம் வேகமாக இருக்கும். தண்ணீர் ஏறும்போது உள்ளே போய், வத்தம் வேகமெடுக்கும் முன் கரையேறுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளும். முகத்துவாரம் கண்ணில் படுகிற தூரம்தான் எல்லை. பழைய துறைமுகம் பக்கம் விசைப்படகுகளின் வழியில் நடுவில் நிற்காதீர்கள், அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆனால் சிறு படகுகளும் வலைகளும் கழியில் இருக்கும்.

தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ ஓரிடத்தில் அசையாமல் மிதந்தால் அது குப்பை இல்லை, அடியில் நண்டு வலை இருக்கிறது. சுற்றிப் போங்கள். துடுப்பில் வலை சிக்கினால் கத்தியை எடுக்காமல் பின்னால் நகர்ந்து கையால் கழற்றுங்கள். பாலத் தூண்களை ஒட்டிப் போகாதீர்கள், தண்ணீர் அங்கே வேகமெடுத்துப் படகைத் தூணில் சாய்க்கும். கல்லில் ஒட்டிய ஆளிச் சிப்பி பிளேடு மாதிரி கிழிக்கும், கால் மூடிய செருப்பு கட்டாயம். ஆலைப் பகுதியை ஒட்டிய உப்பனாற்றில் இறங்க வேண்டாம்.

கயாக் என்றால் மேலே உட்காரும் வகை வாங்குங்கள். உள்ளே உட்காரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிறைந்துவிடும், தனியாளாக ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாளே இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து ஏறப் பழகுங்கள்: நடுவில் பிடித்துக் காலை உதைத்து வயிற்றால் குறுக்கே ஏறி, மல்லாந்து உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே கொண்டுவர வேண்டும். தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானைப் போட மறப்பதுதான் அடிக்கடி நடக்கிற கூத்து. ஒரு மணி நேரத்தில் படகு கனக்கும், காரணம் புரியாது. லைஃப் ஜாக்கெட்டை எடைக்கு ஏற்ப வாங்கி, பெல்ட்டெல்லாம் இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து ஒருவரைத் தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அளவு தவறு. பிள்ளைகளுக்குத் தொடைக்கு நடுவே வரும் பட்டை உள்ளதாகத்தான் வேண்டும். விசில் ஒன்று, நீர்புகா உறையில் போன், அதில் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

இன்ஜின் வைக்கும் ஆசை இருந்தால் கதை வேறு. 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவும் ஆய்வும் வேண்டும். பழைய மீன்பிடிப் படகை மலிவாக வாங்கி உல்லாசத்துக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அதன் பதிவு மீன்பிடிக்க மட்டும். அதில் குடும்பத்தை ஏற்றி ஒரு ரவுண்டு போவதும் வேண்டாம். 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகில் போய்ப் பார்க்கத்தான் ஆசை என்றால் புதுச்சேரி நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுக் குழாம் இருக்கிறது, பிச்சாவரம் இருக்கிறது. பிச்சாவரத்தில் வனத்துறை அனுமதியில்லாமல் சொந்தப் படகை இறக்கப் பார்க்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கங்கள் கூடினால் கேட்பது பெரும்பாலும் அலங்கார விளக்கும் நடைபாதையும்தான். விளக்கு கூடாது என்று சொல்வேன். தை முதல் பங்குனி வரை முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் கடலின் வெளிச்சம் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போகின்றன. கேட்க வேண்டியது மூன்று: சம்பளத்துக்கு உயிர்காப்பாளர், இழுப்பு உள்ள இடத்தில் வாரம் ஒருமுறை மாற்றி நடும் சிவப்புக் கொடி, கழியில் பொதுவாக ஒரு இறங்குதளம். தேவனாம்பட்டினம் மாநகராட்சிக்குள் இருக்கிறது, அங்கே மனு கொடுங்கள், நகலை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். ஊராட்சிப் பகுதியென்றால் கிராம சபை. மனுவில் மீனவர் பஞ்சாயத்தின் கையெழுத்தும் வேண்டும், அது இல்லாமல் வருகிற எந்தத் தளமும் நிலைக்காது.

இறங்குதளம் கேட்கும்போது அளவையும் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் போட்டோ எடுக்க மட்டும் உதவும் படிக்கட்டு ஒன்று வரும். மூன்று மீட்டர் அகலம், எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு, பாசியில் வழுக்காமல் குறுக்கே வரி போட்ட கான்கிரீட். அடி முனை முழு வத்தத்திலும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் கடைசி நாலு அடி முழங்கால் சேறு. ஆற்று வளைவின் உள்பக்கம் வைத்தால் ஒரே மழையில் வண்டல் மூடிவிடும், வெளிப்பக்கத்தில் அடி அரிக்கும், எனவே நேராக ஓடுகிற இடத்தைப் பாருங்கள். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் சேறு வாரும் செலவு யாருடையது என்பதையும் அதே மனுவில் எழுதி வாங்கிவிடுங்கள்.